கொடுப்பதற்கு ஒன்பது வழிகள்

தொங்கலுக்குக் கோபம் வந்தால் கட்டடமே நடுங்கும் என்பார்கள். அது மிகை. கட்டடம் நடுங்காது, லிப்ட் மட்டும்தான் நடுங்கும். நாற்பத்தொரு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். ஒருமுறை மூன்று கம்பெனிகள் கைகழுவிவிட்ட ஒரு லிப்டுக்கு அடியில் நின்று ஏழு நிமிடம் விடாமல் திட்டினார். எட்டாவது நிமிடம் அது தானாகவே இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டது. நேரில் பார்த்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை என்பதற்காக நடந்தது நடக்காமல் போய்விடாது.

தொங்கல் என்ற பெயரும் தொழிலில் கிடைத்ததுதான். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே, கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒரு மாப்பிள்ளையோடு ஒன்பது மணி நேரம் தொங்கினார். கதவைத் திறந்தபோது மாப்பிள்ளை மண்டபத்துக்குப் போகாமல் நேராக வீட்டுக்குப் போய்விட்டான். அவ்வளவு விஷயம் பேசியிருக்கிறார்.

வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலை அது பல்கலைக்கழகத்தின் முதுமை ஆய்வு மையத்தில், தரைத்தளத்து லிப்ட் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அவர் அதற்குப் பின்னால் நின்றார்.

கதவில் ஒரு பலகை தொங்கியது. "லிப்ட் பழுது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." பலகைக்கே வயதாகிவிட்டது. எழுத்து வெளுத்து, ஒரு மூலை அப்பளம் போலச் சுருண்டிருந்தது.

"எவ்வளவு நாளா வருந்தறாங்களாம்?" என்று கேட்டாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா.

"பலகையப் பாத்தா ரெண்டு வருஷம் இருக்கும்."

"அப்ப போன வருஷம் நான் ஏறினப்பவும் இதே பலகைதான். அன்னிக்கு எனக்கு இடுப்பு நல்லா இருந்தது, நான் கவனிக்கல."

அக்காவுக்கு எண்பத்து மூன்று வயது. முப்பத்து மூன்று வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். அவள் "ரைட்" என்று குரல் கொடுத்தால் எதிர்ப்பக்கம் நிற்கிற பஸ்ஸும் சேர்ந்து கிளம்பும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இந்த மையம் ஐந்நூறு பேரைச் சேர்த்து, வருடத்துக்கு ஒரு நாள் வரவழைத்து, மனிதனுக்கு எப்படி வயதாகிறது என்று அளக்கத் தொடங்கியது. கைப்பிடி எவ்வளவு இறுக்கம், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது, ஆறு மீட்டர் நடக்க எத்தனை நொடி, சொன்ன பத்துச் சொல்லில் எத்தனை ஞாபகம் இருக்கிறது. அக்காவுக்கு நூற்றுப் பதினேழாம் நம்பர். ஒரு வருடமும் தவறியதில்லை. கணவர் இறந்த பதினோராம் நாள்கூட வந்து கைப்பிடியை இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"முப்பத்து மூணு வருஷம் கிழிச்சுக் குடுத்த டிக்கெட்டெல்லாம் அன்னன்னிக்கே காத்துல போச்சு. நான் குடுத்ததுல பத்திரமா இருக்கறது இது ஒண்ணுதான்டா" என்பாள்.

ஆறு மாதத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். உள்ளே இரும்பு வைத்திருக்கிறார்கள். சமதரையில் கைத்தடியோடு நடக்கலாம். படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அளக்கிற இடம் மூன்றாம் மாடி. அறுபத்தாறு படி. இந்த வருட அளவுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

தொங்கல் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. கதவில் காதை வைத்தார். மேலே எங்கோ டக் என்று ஒரு சத்தம், பிறகு இரண்டு நொடி உறுமல், பிறகு ஒன்றுமில்லை.

"கேட்டியா? மோட்டார் உயிரோட இருக்கு. பிரேக்குதான் பிடிய விடல. காயில் போயிருக்கு. உள்ளங்கை அளவு சாமான்க்கா! அரை நாள் வேலை! இதுக்கு ரெண்டு வருஷமா வருந்திட்டு இருக்கானுங்க. கரண்டக்கூட நிறுத்தி வைக்கல, முட்டாப் பசங்க!"

சத்தம் கேட்டு அளவுக்காரப் பெண் மூன்று மாடியும் இறங்கி வந்தாள். ஆறு வருடமாக அக்காவை அளக்கிறவள் அவள்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, கைத்தடியைப் பார்த்ததும் வாடியது.

"அம்மா, படி ஏற முடியாதா?"

"ஏறினா இடுப்பு இங்கயும் நான் அங்கயுமா இருப்போம். நீ சாமானைக் கீழ கொண்டு வா. இங்கயே இறுக்கிக் காட்டறேன்."

"விடமாட்டாங்கம்மா. மேல அந்த நடைபாதையிலதான் அளக்கணும்னு விதி. எழுதிக் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வரலன்னா?"

பெண் தரையைப் பார்த்தாள். "ஒரு வருஷம் தவறினா கோப்ப மூடிருவாங்க."

"மூடறதுன்னா?"

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. இறப்பு, இடமாற்றம், ஆர்வமின்மை. மூணுதான். படி ஏற முடியாதவங்களுக்கெல்லாம் மூணாவதத்தான் போடறாங்க."

அக்கா மூன்று விரலையும் ஒவ்வொன்றாக மடக்கினாள். பிறகு கேட்டாள். "நாப்பத்தொம்போதுக்கும் அதையா போட்டீங்க?"

பெஞ்சில் சந்தித்துக்கொள்கிறவர்கள் அங்கே ஒருவரை ஒருவர் நம்பரால்தான் அழைப்பார்கள். நாற்பத்தொன்பது ஒரு பள்ளிக்கூட மணியடிப்பவர். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்த பிறகும், இன்னொரு கையை மட்டுமாவது அளந்துகொள்ளுங்கள் என்று வந்து நின்றவர்.

பெண் ஆமென்று தலையசைத்தாள்.

"ஆர்வமில்லையாம்" என்றாள் அக்கா, வெறும் லிப்ட் கதவைப் பார்த்து.

தொங்கல் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் "நன்கொடைப் பிரிவு" என்று பித்தளை எழுத்தில் போட்டிருந்த கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தார். அது அவர் தொடுவதற்கு முன்பே தானாகத் திறந்துகொண்டது. முட்டி மோத ஒரு கதவு கிடைத்தது என்று வந்தவருக்கு அதுவே பெரிய அவமானமாகப் போய்விட்டது.

உள்ளே குளிர்ச்சி, கணுக்கால் புதைகிற கார்ப்பெட், சுவரில் ஒரு உலோக மரம். இலைக்கு ஒரு பெயர். கொஞ்சமாகக் கொடுத்தவர் செம்பு இலை, நிறையக் கொடுத்தவர் வெள்ளி இலை, சொத்தையே எழுதிவைத்தவர் தங்க இலை. தொங்கலின் கண் தன்னால் திருகாணிகளுக்குப் போனது. நான்கு இலை லூஸாக இருந்தது.

நன்கொடை அதிகாரி எழுந்து நின்று வரவேற்றாள். சின்ன வயது. காலையில் போட்டுக்கொண்ட புன்னகையை மாலையில்தான் கழற்றுவாள் போலிருந்தது.

"உக்காருங்க சார். எங்க மையத்துக்குக் கொடுக்கறதுக்கு ஒன்பது வழி இருக்கு." வழவழவென்று ஒரு மடிப்புத்தாளை நீட்டினாள். "ஒரே தடவையாக் கொடுக்கலாம், மாசா மாசம் கொடுக்கலாம். மறைந்தவங்க நினைவாக் கொடுக்கலாம். உயில்ல எழுதலாம். வீடு, நிலம், பங்குப் பத்திரம், ஓடாத கார்கூட வாங்கிக்கறோம். காலத்துக்குப் பிறகு மூளையத் தரலாம்..."

"நான் ஒரு காயில் தர்றேன்."

"சார்?"

"உங்க லிப்டுக்குப் பிரேக் காயில். நானே வாங்கி, நானே மாட்டி, ஓட்டிக் காட்டிட்டுப் போறேன். ஒரு பைசா வேணாம், ஒரு இலையும் வேணாம். மெஷின் ரூம் சாவி மட்டும் குடுங்க. புதன்கிழமை லிப்ட் ஓடும். வெள்ளிக்கிழமை எங்கக்கா மேல போகணும்."

புன்னகை இருந்த இடத்திலேயே இருந்தது. கண் மட்டும் படிவங்களைத் தேடியது.

"அதுக்கு வழி இல்லையே சார். அந்த லிப்ட் ஏற்கெனவே ஒருத்தர் கொடுத்த நன்கொடை. தகப்பனார் நினைவா. உள்ள அவர் பேர் பொறிச்ச தகடு இருக்கு. வேற யாரும் அதுல கை வெச்சா பெயர் உரிமை பாதிக்கும்னு ஒப்பந்தம். வாரிசுங்க சம்மதிக்கணும்."

"சம்மதம் கேளுங்க."

"மூணு வாரிசு. ஒருத்தருக்கொருத்தர் கோர்ட்ல இருக்காங்க."

"சரி, உங்க காசுலயே செய்யுங்க. இந்தக் கார்ப்பெட் போட்ட காசு இருக்குமே?"

"இது கார்ப்பெட்டுக்குன்னே ஒருத்தர் கொடுத்தது சார். எங்ககிட்ட இருக்கிற ஒவ்வொரு தொகையும் இன்னதுக்குன்னு வந்ததுதான். நினைவுச் சொற்பொழிவுக்கு, தோட்டத்து பெஞ்சுக்கு, உருவப்படத்துக்கு." குரலைத் தாழ்த்தினாள். "ரிப்பேருக்குன்னு யாரும் கொடுக்கறதில்ல. தகடு மாட்ட இடமில்ல பாருங்க."

தொங்கலுக்குக் காது மடல் சூடேறியது. மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. அந்தக் குளிரூட்டிய அறையில் வெப்பநிலை இரண்டு டிகிரி ஏறியதாகப் பிறகு அந்தப் பெண்ணே யாரிடமோ சொன்னாளாம்.

"ஏம்மா, வயசானவங்களுக்குன்னு ஒரு கட்டடம் கட்டி, வயசானவங்கள மூணாவது மாடிக்கு ஏறச் சொல்லிட்டு, காசு குடுக்கறவன மட்டும் தரையில, தானாத் திறக்கற கதவு வெச்சு உக்கார வெச்சிருக்கீங்களே. இத யோசிச்ச மண்டையத்தான் முதல்ல ஆராய்ச்சிக்கு எடுக்கணும்!"

"உங்க உணர்வு புரியுது சார். எங்க ஆண்டறிக்கையைப் பாத்தீங்கன்னா மனசு மாறும்" என்று மடிப்புத்தாளுக்கு மேல் ஒரு புத்தகத்தையும் வைத்தாள்.

மனசு மாறத்தான் செய்தது. வெளியே வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தார். முதல் பக்கத்தில் இயக்குநர் கைகட்டிச் சிரித்தார். இரண்டாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: "இரண்டே ஆண்டுகளில் நம் முதியோரின் கால் வலு பதினெட்டு சதவீதம் உயர்ந்திருக்கிறது. உங்கள் கொடைக்கு நன்றி."

தொங்கல் அந்த வரியை மூன்று தடவை படித்தார். பிறகு அடியில் எறும்பு அளவு எழுத்தில் இருந்ததைப் படித்தார். ஆய்வில் இருப்பவர்கள், இரண்டு ஆண்டுகளுக்கு முன் முன்னூற்றுப் பன்னிரண்டு. இப்போது நூற்று நாற்பத்தொன்று.

"அக்கா, பஸ் படிக்கட்ட நாலடி உசரத்துல வெச்சா என்ன ஆகும்?"

"தாவத் தெரிஞ்சவன்தான் ஏறுவான்."

"ஏறினவன மட்டும் எண்ணிப் பாத்துட்டு, ஊர்ல எல்லாருக்கும் கால் நல்லாயிருச்சுன்னு போர்டு வெச்சா?"

அக்கா புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. நெரிசலில் முன்னாலும் பின்னாலும் தலையை எண்ணி வளர்ந்தவள்.

"நூத்தி எழுபத்தொரு பேரக் கீழ விட்டுட்டு டபுள் விசில் குடுத்திருக்கான்" என்றாள். "இறங்கினவங்களாலதான் வண்டி வேகமாப் போகுதுன்னு பெருமை வேற."

மத்தியானம் வீட்டுக்கு வந்த பிறகு அண்டை வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தும் அளவுக்கு அக்காவும் தம்பியும் சண்டை போட்டார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாளைத் தொங்கல் இரும்புப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தார். அதில் ஏழாவது வரி: பங்கேற்பாளர் விரும்பினால் தன் அளவுகள் அனைத்தையும் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

"இத நீட்டுவோம்க்கா. மொத்தத்தையும் திருப்பிக் குடுங்கடான்னு கேப்போம். இருபத்திரண்டு வருஷமும் அவனுங்க கணக்குலேருந்து போகட்டும். அந்தப் பதினெட்டு சதவீதம் பல்லிளிக்கட்டும்!"

"நீட்டினா?"

"நீட்டினா அவன் மூஞ்சி எப்படிப் போகும் பாரு!"

"அவன் மூஞ்சி கிடக்கட்டும். என் நம்பர் என்ன ஆகும்?"

"போயிரும்."

"அவன் மூடறதுக்கு முன்னாடி நானே கிழிச்சுப் போட்டுக்கணும், அதானே உன் ரோசம்?"

"பின்ன, வாய மூடிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா? உனக்குக் கோபமே வரலையாக்கா?"

அக்கா கைத்தடியைத் தரையில் ஒரு குத்துக் குத்தினாள். டம்ளர் உருண்டது.

"எனக்கா வரல? உனக்கு வர்றது நுரைடா, பொங்கும், வழியும், அடங்கும். எனக்குக் கீழ விழுந்ததுல இருந்துதான் வருதுன்னு நினைச்சியா? எண்பது வயசு ஆனதுல இருந்து வந்துட்டு இருக்கு. மாடிப்படியப் பாத்தா வருது, குளியலறையப் பாத்தா வருது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. வெள்ளிக்கிழமை என்னை அளக்கணும். எவ்வளவு இருக்கோ அவ்வளவு எழுதணும். கம்மியா இருந்தா கம்மின்னு எழுதட்டும். ஆர்வமில்லைன்னு எழுத விடமாட்டேன்."

தொங்கல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அக்கா ஜெயித்துவிட்டாள் என்று அதற்குப் பொருள் இல்லை. வேறு வாதம் கிடைக்கிற வரையில் என்று பொருள்.

அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடிப்புத்தாளை முன்னும் பின்னும் படித்தாள். எட்டாவது வழியில் விரல் நின்றது. "நேரக் கொடை: வாரம் நான்கு மணி நேரம் மையத்துக்கு வந்து உதவலாம். வயது வரம்பு இல்லை. படிவம் நிரப்பிய அன்றே தொடங்கலாம்." ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது: வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நன்கொடைப் பிரிவில் கொடையாளர் நாள், இயக்குநர் உரை, அனைத்துக் கொடையாளர்களும் வருக.

"போனை எடு" என்றாள்.

செவ்வாயும் புதனும் வியாழனும் அக்கா போனிலேயே இருந்தாள். அவள் குறிப்பேட்டில் ஒரு பெயர் கிடையாது, எல்லாம் நம்பர்தான்.

"நாப்பத்தொம்போதா? நான் நூத்திப் பதினேழு பேசறேன். என்னது, வாய் கோணிப்போச்சா? நீங்க கோணலாப் பேசுங்க, நான் நேராக் கேட்டுக்கறேன். ஒங்களுக்கு ஆர்வமில்லையாமே? ஆங், அப்படித்தான் எழுதியிருக்கான்... அந்த வார்த்தையெல்லாம் போன்ல வேணாம், வெள்ளிக்கிழமை நேர்ல வந்து சொல்லுங்க... முன்னூத்தி ரெண்டா? ஓ, போயிட்டாங்களா. எப்ப? நீ மருமகளா? சரிம்மா. படத்தக் கொண்டு வா. அவங்களுக்கும் ஆர்வமில்லைன்னுதான் எழுதியிருக்கான். உயிரோட இருந்தப்பவே."

அந்த அழைப்பை முடித்ததும் அக்கா குறிப்பேட்டில் முன்னூற்றிரண்டுக்குப் பக்கத்தில் 'படம்' என்று எழுதினாள். தொங்கல் அந்த மூன்று நாளும் கத்தவில்லை. வண்டி ஏற்பாடு செய்வது அவர் வேலையாகிவிட்டது. எங்கே சாய்தளம், எங்கே படி, எந்த நாற்காலி எந்தக் கதவில் நுழையும் என்று டேப்பை வைத்து அளந்துகொண்டு திரிந்தார். கத்தாத கோபம் அவருக்குப் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அந்தக் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அதனால் மூட முடியவில்லை. இருபத்தாறு நம்பர், ஏழு சக்கர நாற்காலி, பதினெட்டுக் கைத்தடி, முதுகில் மாட்டிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, மருமகள் கையில் ஒரு படம்.

"முன்னாடி நகருங்க, நகருங்க, நடுவுல இடம் இருக்கு!" என்று அக்கா வாசலில் நின்று ஏற்றினாள். "சக்கரமெல்லாம் சுவரோரம். நாப்பத்தொம்போது, நீங்க சோபாவுல உக்காருங்க. அட, அது கொடையாளருக்குத்தான், நீங்க யாரு? இருபது வருஷம் குடுத்தவரு!"

நன்கொடை அதிகாரியின் புன்னகை வரலாற்றில் முதல்முறையாக நழுவியது. "அம்மா, இன்னிக்கு நிகழ்ச்சி இருக்கு..."

"தெரியும்மா. படிவத்தக் குடு. எட்டாவது வழி. இருபத்தஞ்சு தாள் போதும், ஒருத்தர் படமா வந்திருக்காங்க."

"என்ன வேலை செய்யப்போறீங்க?"

"நீங்க யோசிச்சு சொல்லுங்க. நாலு மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் உக்காந்திருக்கோம்."

படிவத்தில் மறுப்பதற்கென்று கட்டம் இல்லை. அவள் இருபத்தைந்து தாளிலும் முத்திரை குத்தினாள்.

பதினோரு மணிக்கு மற்றக் கொடையாளர்கள் வந்தார்கள். நல்ல உடை போட்ட பன்னிரண்டு பேர். உட்கார நாற்காலி இல்லாமல் அந்த உலோக மரத்தடியில் நின்றார்கள். இயக்குநர் மூன்றாம் மாடியிலிருந்து துள்ளி இறங்கி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். இப்படிப்பட்ட கூட்டத்தில் என்ன செய்வதென்று தெரியாதவர்கள் வழக்கமாக என்ன செய்வார்களோ அதையே செய்தார். எழுதி வைத்திருந்ததைப் படிக்க ஆரம்பித்தார்.

"இரண்டே ஆண்டுகளில் நம் முதியோரின் கால் வலு..."

ஏழு சக்கர நாற்காலிகள் அவரைப் பார்த்தன.

"பதினெட்டு சதவீதம்..." என்றார், குரல் பாதியில் சன்னமாகி.

நாற்பத்தொன்பது சிரித்தார். கோணிய வாயில் அது விசில் மாதிரி வந்தது.

நின்றிருந்த கொடையாளர் ஒருவர், "இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டார்.

"நாங்கதாங்க அந்த ஆர்வமில்லாதவங்க" என்றாள் அக்கா. "லிப்ட் ஓடல. மேல ஏற முடியாதவங்கள எல்லாம் கணக்குலேருந்து இறக்கி விட்டுட்டாங்க. ஏறினவங்க காலு மட்டும் மிச்சம். அதான் வலு கூடிருச்சு. நீங்க குடுத்த காசு எந்தக் காலுக்கும் போகல, அவரு சொல்றத நம்பாதீங்க."

"அம்மா, இது ஆய்வு முறை சம்பந்தப்பட்ட விஷயம்..." என்று இயக்குநர் நெருங்கி வந்தார்.

"சார், பெரிய பேச்செல்லாம் எனக்கு வேணாம். இன்னிக்குக் கடைசி நாள். என்னை அளங்க. இங்கயே. ஆறு மீட்டர்தானே?"

"அளவு எடுக்க மூன்றாம் மாடி நடைபாதைதான்னு விதி..."

தொங்கல் சட்டைப் பையில் கை வைத்தார். அக்கா திரும்பாமலே அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சார், என் தம்பி பையில ஒரு தாள் இருக்கு. ஏழாவது வரியில, குடுத்த அளவையெல்லாம் நாங்க திருப்பி வாங்கிக்கலாம்னு உங்க மையமே எழுதிக் குடுத்தது. இங்க இருக்கிற எல்லார்கிட்டயும் அந்தத் தாள் இருக்கு. அவன் நீட்டாம இருக்க நான் புடிச்சு வெச்சிருக்கேன். ரொம்ப நேரம் புடிக்க முடியாது. எனக்குக் கைப்பிடி வலு பதினெட்டு சதவீதமெல்லாம் கூடல."

அறையில் ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் மூச்சு விட்டது. நின்றிருந்த பன்னிரண்டு பேரும் இயக்குநரையே பார்த்தார்கள். அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

படிக்கட்டுப் பக்கத்திலிருந்து அளவுக்காரப் பெண் வந்தாள். கையில் நிறுத்துக்கடிகாரம், கழுத்தில் அளவு நாடா, இடுப்பில் பிடி அளக்கிற கருவி. யாரும் கூப்பிடவில்லை. குனிந்து, நடுவில் நின்றவர்களை ஒதுங்கச் சொல்லி, கார்ப்பெட் மேல் நாடாவை விரித்தாள்.

"நான் இன்னும் சொல்லலையே" என்றார் இயக்குநர்.

"சொல்லுங்க சார். அதுக்குள்ள நான் விரிச்சுக்கறேன்." அவள் நிமிரவில்லை. "கார்ப்பெட்ல நடந்தாங்கன்னு பக்கத்துல எழுதிடறேன்."

இயக்குநர் கொடையாளர்களைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். "குறிப்பா எழுதிக்குங்க" என்றார். "எல்லாருக்கும்" என்று சோபாவிலிருந்து கோணலாக ஒரு குரல் வந்தது. "எல்லாருக்கும்" என்றார் அவரும்.

அக்கா நாடாவின் தொடக்கத்தில் நின்றாள். தொங்கல் பக்கத்தில் போனார்.

"தள்ளிப் போடா. தொட்டா செல்லாது."

பெண் கடிகாரத்தை அழுத்தினாள். அக்கா நடந்தாள். தடி, இடது கால், வலது கால். வலது கால் ஒவ்வொரு முறையும் கார்ப்பெட்டை உரசிக்கொண்டுதான் வந்தது. தொங்கல் தன் ஆயுளில் எத்தனையோ மெதுவான லிப்டைப் பார்த்திருக்கிறார், எதற்கும் இப்படிப் பல்லைக் கடித்ததில்லை. பாதி தூரத்தில் அக்கா ஒரு கணம் நின்றாள். அவர் கை தன்னால் நீண்டு, தன்னால் திரும்பியது. இயக்குநர் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் எங்கேயோ கழன்றுகொண்டது. அதைவிடப் பெரிய கோபம் ஒன்று வந்து நின்றது. அதற்கு யாரைத் திட்டுவது, எந்தக் கதவில் போய் முட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஓடும் பஸ்ஸில் தொத்தி ஏறிய கால் அது.

அக்கா கோட்டைத் தாண்டினாள். பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், தாளில் எழுதினாள், அக்காவின் காதருகே போய் மெதுவாகச் சொன்னாள்.

"போன வருஷம் என்ன?" என்றாள் அக்கா, மூச்சு வாங்க.

"ஆறு புள்ளி ரெண்டும்மா."

"இப்ப?"

பெண் தயங்கினாள். மறுபடி காதருகே குனிந்தாள்.

"ஏன் குசுகுசுங்கற? நான் ஒண்ணும் திருடல." அக்கா நிமிர்ந்து, கைத்தடியால் கூரையைக் காட்டினாள். "சத்தமாச் சொல்லு. மூணாவது மாடிக்குக் கேக்கணும்."

பெண் நிமிர்ந்து நின்று, கொடையாளர்களும் இயக்குநரும் கேட்க, உரக்கச் சொன்னாள்.

"நூற்றுப் பதினேழு. ஆறு மீட்டர். பதினொன்று புள்ளி நான்கு நொடி."

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்மா."

"ரைட்" என்றாள் அக்கா. "அடுத்தது நாப்பத்தொம்போது. யாராவது அவரத் தூக்கி நிறுத்துங்க."